ஏஜிஐ ஆராய்ச்சிக்கு எந்த மொழி, எந்த கம்பைலர்? திருநகர் மாடி ரூம்ல ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன்

சனிக்கிழமை சாயந்திரம் ஆனா நம்ம மாடி ரூமுக்கு நாலஞ்சு பேர் வந்துருவாங்க. திருப்பரங்குன்றம் பக்கம் காலேஜ்ல படிக்கிற ரெண்டு பேரு, வடபழஞ்சி ஐடி பார்க்ல வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி, அப்பப்ப இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு. வந்ததும் கேக்குற மொதக் கேள்வி, "அக்கா, ஏஜிஐல (மனுஷன் மாதிரி எந்த வேலையையும் புதுசாக் கத்துக்கிற பொதுவான செயற்கை அறிவு) ஆராய்ச்சி பண்ணணும்னா எந்த லாங்குவேஜ் படிக்கணும்?" ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் பேசுறேன், அதான் பேசுனதைப் பூராம் ஒரே இடத்துல எழுதிப் போட்டுருவோம்னு உக்காந்துட்டேன். எல்லாமே இலவசமாக் கெடைக்கிற கம்பைலருங்கதான் (நாம எழுதுற கோடை மெஷின் கோடா மாத்துற மென்பொருள்), ஆனா ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்குல நேரம் குடுத்துருக்கேன், அந்த நேரத்துக்கு என்ன திரும்பக் கெடைச்சுச்சுங்கிறதுதான் இந்த ரிவ்யூ.

மொதல்ல என் வேலை என்னன்னு சொல்லிர்றேன், அது தெரியாம மொழியைப் பத்திப் பேசுனா புள்ளி வைக்காம கோலம் போட்ட மாதிரி ஆயிரும். பிரான்சுவா ஷோலே 2019ல ஆர்க்னு ஒரு புதிர்த் தொகுப்பு விட்டாரு. கட்டம் கட்டமா கலர் அடிச்ச படங்க, பெருசுன்னா 30க்கு 30, மொத்தமே 10 கலருதான். மூணு நாலு உதாரணத்துல முன்னாடி எப்டி இருந்துச்சு, அப்புறம் எப்டி ஆச்சுன்னு காட்டும், அதுல ஒளிஞ்சிருக்கிற விதியை நாமளாப் புடிச்சு புதுசா ஒரு கட்டத்துக்கு விடை போடணும். ஒவ்வொரு புதிருக்கும் விதி வேற வேற, அதனால மனப்பாடம் இங்க வேலைக்காவாது. நான் எழுதிக்கிட்டு இருக்கிறது அந்த விதியைச் சொல்ற குட்டி ப்ரோக்ராமைத் தேடிக் கண்டுபிடிக்கிற ஒரு ப்ரோக்ராம். திருப்பு, புரட்டு, வெட்டு, நிரப்பு, எண்ணுன்னு அடிப்படைச் செயல் கொஞ்சத்தைக் குடுத்துருவேன், அது அதையெல்லாம் கோர்த்துக் கோர்த்து லட்சக்கணக்குல குட்டி ப்ரோக்ராம் உண்டாக்கி, ஓட்டிப் பார்த்து, ஒத்துவராததைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகும்.

அதே என்ஜினுக்கு அம்மா மார்கழியில போடுற புள்ளிக் கோலத்தையும் குடுக்குறேன், சும்மா ஆசைக்காக இல்ல. கோலத்துக்கும் கம்ப்யூட்டர் இலக்கணத்துக்கும் தொடர்பு இருக்குன்னு நம்ம ஆளுங்க எப்பவோ எழுதி வச்சுட்டாங்க, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் சேர்ந்து 1974லயே கோலத்தை அரே இலக்கணமா (கட்டம் கட்டமா படம் உண்டாக்குற விதிகள்) எழுதி ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. வாசல்ல இருந்த விஷயத்தை ஃபார்மல் லாங்குவேஜ் தியரிக்குள்ள (மொழி விதிகளைக் கணக்கா ஆராயுற துறை) கொண்டுபோனவங்க. பசங்க நெறைய பேருக்கு இது தெரியறதில்ல, அதான் வேலையை நிறுத்திட்டு இதைச் சொல்லிட்டுப் போறேன்.

இன்னொண்ணு. மொழி எதுன்னு இவ்ளோ அலட்டிக்கணுமான்னு கேக்கலாம். ரே சாலமனாஃப் 1964ல எழுதுன கொள்கைப்படி, பார்த்த விஷயத்தை விளக்குற ப்ரோக்ராம்கள்ல குட்டியா இருக்கிறதுக்கு அதிக மதிப்பு. அந்த நீளத்தை எந்த மொழியில அளந்தாலும் வித்தியாசம் ஒரு மாறிலிக்குள்ளதான் அடங்கும்னு கணக்கு சொல்லுது. லெவின் 1973ல இதுக்கு ஒரு தேடுற முறையும் குடுத்தாரு, குட்டி ப்ரோக்ராமுக்கு அதிக நேரம், நீள ப்ரோக்ராமுக்குக் கொஞ்ச நேரம்னு பங்கு போட்டு ஓட்டுறது. பேப்பர்ல அது மாறிலிதான், ஆனா 32 ஜிபி ராம் உள்ள ஒரே மெஷின்ல, மே மாச வெக்கையில ப்ராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ஓடுறப்ப, அந்த மாறிலிக்குள்ளதான் என் ஆராய்ச்சியே இருக்கு. ராத்திரிதான் பெரிய தேடலெல்லாம் ஓட விடுவேன், விடியறதுக்குள்ள முடிஞ்சா ஒரு யோசனை சரியா தப்பான்னு தெரியும், முடியலேன்னா ஒரு நாள் போச்சு. என்னோட அளவுகோல் அதுதான்: தப்பான யோசனையை எவ்ளோ சீக்கிரம் தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு தூக்கிப் போட முடியுது? ஆராய்ச்சியில பத்துக்கு ஒன்பது யோசனை தூக்கிப் போடத்தான், அதுக்கு ஒத்தாசை பண்ற கம்பைலர்தான் எனக்கு நல்ல கம்பைலர்.

பைத்தான்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நானும் அங்கிருந்துதான் ஆரம்பிச்சேன். யோசனை மண்டையில இருந்து ஸ்க்ரீனுக்கு வர்ற வேகத்துல பைத்தானை அடிச்சுக்க ஆளில்ல. கட்டத்தை நம்பைங்கிற எண் கணக்கு லைப்ரரியோட அரேயா (எண்களோட அடுக்கு) வச்சு, செயல்களைச் சாதாரண ஃபங்க்ஷனா எழுதி, ரெண்டே நாள்ல மொத வடிவம் ஓடிருச்சு. பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, நம்பை வேகமா இருக்கிறது பெரிய அரேல, உள்ள சி-ல எழுதுன லூப் ஓடுறதால. 10க்கு 10 கட்டத்துல ஒரு செயலைக் கூப்புட்டா உள்ள நடக்குற கணக்கை விட கூப்புடுற செலவு பெருசாயிருது. குட்டி வேலையை கோடிக்கணக்கான தடவை செய்யறதுதான் ப்ரோக்ராம் தேடல், பைத்தானுக்குப் பிடிக்காத உருவமே அதுதான். பைபை போட்டுப் பார்த்தேன், அது ஓட ஓட கவனிச்சு மெஷின் கோடா மாத்துற ஜிட் கம்பைலர், சுத்தமா பைத்தான்லயே எழுதுன தேடலுக்கு நல்லாவே கை குடுத்துச்சு, ஆனா சி எக்ஸ்டென்ஷனை நம்பி இருக்கிற லைப்ரரிங்க அங்கிட்டு வந்ததும் மெதுவாயிருது.

மல்டி ப்ராசஸிங் பத்தி ஒரு எச்சரிக்கை. லினக்ஸ்ல ஃபோர்க் பண்ணா (ஓடுற ப்ரோக்ராமை நகல் எடுத்துப் பிரிச்சா) மெமரியைப் பங்கு போட்டுக்கலாம், எழுதுனாத்தான் காப்பி ஆகும்னு நெனச்சு பெரிய டேபிளை ஏத்தி வச்சுட்டு பன்னண்டு ப்ராசஸா பிரிச்சு விட்டேன். பைத்தான்ல ஒரு பொருளைச் சும்மா படிச்சாலே அதோட ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை எடத்துல இருந்து அதைச் சுட்டுறோங்கிற எண்ணிக்கை) மாறும், மாறுனா அது எழுத்து, எழுத்துன்னா அந்த மெமரிப் பக்கம் காப்பி ஆயிரும். அரை மணி நேரத்துல ராம் பூராம் நிரம்பி மெஷினே நின்னுருச்சு. 2024 அக்டோபர்ல வந்த 3.13ல ஜில் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள இணையா ஓடுற த்ரெட்கள்ல ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் ஓட விடுற பூட்டு) இல்லாத பில்டை சோதனைக்குக் குடுத்தாங்க, 2025ல வந்த 3.14ல அதுக்கு முறையான ஆதரவும் வந்துருச்சு, போற திசை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்காக ஒத்தை த்ரெட்டோட வேகம் கூடிராது, அதை மனசுல வச்சுக்கங்க. என் மதிப்பெண், யோசனையை எழுதிப் பார்க்க 5க்கு 5, தேடல் ஓட்ட 5க்கு 1.

அடுத்து சி ப்ளஸ் ப்ளஸ், ஜிசிசி, க்ளாங்னு ரெண்டு கம்பைலர்லயும் ஓட்டுனேன். வேகம்னா இதுதான். ஆர்க் போட்டி மொதத் தடவை 2020ல கேகிள்ங்கிற போட்டித் தளத்துல நடந்தப்ப ஜெயிச்ச தீர்வே சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதுன தேடல்தான், நரம்பு வலையெல்லாம் (நியூரல் நெட்வொர்க்) இல்ல, கையால எழுதுன செயல்களைக் கோர்த்துக் கோர்த்துத் தேடுறது. 2012ல படங்களை அடையாளம் காண்றதுல உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்ச அலெக்ஸ்நெட்ங்கிற நரம்பு வலையும், க்ரிஷெவ்ஸ்கிங்கிறவர் சி ப்ளஸ் ப்ளஸ்லயும் ஜிபியூல (கிராஃபிக்ஸ் கார்டு) ஓட்டுறதுக்கான CUDAலயும் உக்காந்து எழுதி ரெண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுல ஓட்டுனதுதான். அதனால ஏஜிஐக்கு கீழ்மட்ட மொழியெல்லாம் தேவையில்லன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பைத்தான்ல ராத்திரி முழுக்க ஓடியும் முடியாத தேடல் இதுல நான் கீழ போய் டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருந்துச்சு, அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்ல.

ஆனா சந்தோஷத்தோட கூடவே ஒரு வாரம் தொலைஞ்ச கதையும் இருக்கு. ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வந்தா விட்டுடணும்னு ஹேஷ் (கட்டத்தை அடையாளம் காட்டுற எண்) போட்டு வச்சிருந்தேன், அதைச் சாதாரண இன்ட்ல (முழு எண் வகை) பெருக்கிக் கூட்டிக்கிட்டு இருந்தேன். குறி உள்ள இன்ட் நிரம்பி வழிஞ்சா அது என்ன ஆகும்னு மொழியோட விதியில வரையறையே கெடையாது, அப்டி ஒண்ணு நடக்கவே நடக்காதுன்னு நெனச்சுக்கிட்டு கம்பைலர் கோடை மாத்தி அடுக்கும். கோடை வேகப்படுத்தாம விடுற ஓ-சைபர்ல ஒரு விடை, நல்லா வேகப்படுத்தச் சொல்ற ஓ-த்ரீல வேற விடை. நான் அல்காரிதம்ல தப்புன்னு நெனச்சு அங்கயே தேடிக்கிட்டு கெடந்தேன். குறி இல்லாத அன்சைன்ட் போட்டதும் சரியாயிருச்சு. அதே மாதிரி ஃபாஸ்ட் மேத் ஃப்ளாக் போட்டா நான் எழுதி வச்ச நேன் (எண்ணே இல்லாத விடை) சோதனையவே கம்பைலர் தூக்கிருது, நேன் வராதுன்னு நாமளே அதுக்கு வாக்கு குடுத்த மாதிரி ஆயிருது. ஆராய்ச்சியில விடை தப்பா வர்றது பரவால்ல, தப்பு நம்ம யோசனையிலயா கம்பைல் பண்ண விதத்துலயான்னு தெரியாமப் போறதுதான் ஆளைக் கொல்லும். அதனால மொத நாள்ல இருந்தே மெமரித் தப்பைப் புடிக்கிற அட்ரஸ் சானிடைசர், வரையறை இல்லாத நடத்தையைப் புடிக்கிற அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசர் ரெண்டையும் போட்டு ஒரு பில்ட் தனியா வச்சுக்கங்க, ஜிசிசி க்ளாங் ரெண்டுலயும் இருக்கு. தப்புச் செய்தியை வாசிக்கிறதுக்கு எனக்கு க்ளாங் கொஞ்சம் எளிசா இருந்துச்சு, வேகத்துல என் வேலைக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல.

சி ப்ளஸ் ப்ளஸ்ல எனக்கு உண்மையான கஷ்டம் அது இல்ல. தேடல் மூணு மணி நேரம் ஓடி ஒரு இடத்துக்கு வந்துருக்கும், அப்பத்தான் "ஐயோ இந்தச் செயலைக் கொஞ்சம் மாத்துனா நல்லாருக்குமே"ன்னு தோணும். நிறுத்தி, மாத்தி, கம்பைல் பண்ணி, மறுபடி ஆரம்பத்துல இருந்து மூணு மணி நேரம். யோசனை சூடா இருக்கிறப்ப கை கட்டிக்கிட்டு உக்காரணும்.

ஜூலியாவை ரொம்ப ஆசையோட எடுத்தேன். 2012ல வெளிய விட்டாங்க, உருவாக்குன நாலு பேர்ல வைரல் ஷா நம்ம நாட்டுக்காரர். எழுதுறது பைத்தான் மாதிரி, ஓடுறது கிட்டத்தட்ட சி மாதிரி, உள்ள எல்எல்விஎம்ங்கிற கம்பைலர் கருவியை வச்சு மெஷின் கோடா மாத்துது. மல்டிபிள் டிஸ்பாட்ச்னு ஒண்ணு இருக்கு, கட்டத்தை ஒரு டைப்பாவும் கோலத்தை இன்னொரு டைப்பாவும் வச்சு 'திருப்பு'ங்கிற ஒரே பேருக்கு தனித்தனியா செயல் எழுதிக்கலாம், எது வந்தாலும் அதுவே சரியானதை எடுத்துக்கும், அவ்ளோ சுத்தமா இருக்கும் கோடு. எண் கணக்கு, சிமுலேஷன், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் பண்றவங்க யோசிக்காம எடுக்கலாம். முன்னாடி மொதத் தடவை ஃபங்க்ஷனைக் கூப்புடுறப்ப ரொம்ப நேரம் எடுக்கும்னு எல்லாரும் திட்டுவாங்க, 2023ல வந்த 1.9ல பேக்கேஜோட மெஷின் கோடையே சேமிச்சு வச்சுக்கிற வசதி வந்தப்புறம் அது நெறையக் கொறைஞ்சிருக்கு.

என் வேலைக்கு மட்டும் ஜூலியா ஒத்துவரல, காரணம் நுணுக்கமானது, ஆனா ப்ரோக்ராம் எழுதுற ப்ரோக்ராம் பண்ற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. ஓடிக்கிட்டு இருக்கிறப்பயே புதுசா ஒரு ஃபங்க்ஷனை உண்டாக்குனா, ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கிற ஃபங்க்ஷனுக்குள்ள இருந்து அதை நேரடியாக் கூப்புட முடியாது, வேர்ல்ட் ஏஜ்னு சொல்லுவாங்க, இன்வோக் லேட்டஸ்ட்னு சுத்தி வளைச்சுத்தான் போகணும். அது கூடப் பரவால்ல. ஒவ்வொரு புது ஃபங்க்ஷனையும் எல்எல்விஎம் வழியா முழுசா கம்பைல் பண்றதுக்கு ஆகுற நேரம், அந்த ஃபங்க்ஷன் ஒரு குட்டிக் கட்டத்துல ஓடுற நேரத்தை விடப் பல மடங்கு. நான் உண்டாக்குற ப்ரோக்ராம்ல முக்கால்வாசிக்கு மேல ஒரே ஒரு தடவை ஓடி தப்புன்னு தெரிஞ்சு குப்பைக்குப் போறது. கல்யாணத்துக்கு வாங்குற பட்டுச்சேலையை மழைக்குத் தலையில போட்டுக்கிட்ட கதைதான். அதோட அப்டிக் கம்பைல் ஆன கோடு மெமரியிலயே தங்கிருது, மணிக்கணக்குல ஓட ஓட ராம் ஏறிக்கிட்டே போகுது.

இப்ப நான் தங்கிட்ட இடத்துக்கு வர்றேன், காமன் லிஸ்ப், கம்பைலர் எஸ்பிசிஎல். இதைப் பத்தி கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன்.

லிஸ்ப் ஜான் மெக்கார்த்தி 1958ல ஆரம்பிச்சது, செயற்கை அறிவுக்குன்னே யோசிச்சுப் பண்ண மொழி. ஸ்டீவ் ரஸ்ஸல்தான் லிஸ்ப் கோடை ஓட்டுற ஈவல் ஃபங்க்ஷனை ஐபிஎம் 704 கம்ப்யூட்டர்ல கையால மெஷின் கோடா எழுதி ஓட வச்சாரு. குப்பை மெமரியைத் தானா கூட்டி அள்ற கார்பேஜ் கலெக்ஷனும் இந்த மொழிக்காகத்தான் மொதல்ல வந்துச்சு. காமன் லிஸ்ப்புக்கு ஆன்சி (அமெரிக்கத் தர அமைப்பு) தரம் வந்தது 1994ல. எஸ்பிசிஎல் 1999ல கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தோட கம்பைலர்ல இருந்து பிரிஞ்சது, கார்னகி சம்பாரிச்சது ஸ்டீல்ல, மெல்லன் சம்பாரிச்சது பேங்க்ல, அதான் ஸ்டீல் பேங்க் காமன் லிஸ்ப்னு பேரு. பழசுன்னு நெனச்சுராதீங்க, மாசா மாசம் புது வெளியீடு வருது.

ஏன் இது எனக்குச் சரியா வந்துச்சுன்னா, லிஸ்ப்ல ப்ரோக்ராமே ஒரு லிஸ்ட்தான். என் தேடல் உண்டாக்குற குட்டி ப்ரோக்ராமும் லிஸ்ட், அதை வெட்டலாம், ஒட்டலாம், நீளம் எண்ணலாம், ஒரே மாதிரி துண்டு ரெண்டு எடத்துல வந்தா தனிச் செயலாப் பிரிச்செடுக்கலாம், எதுக்கும் தனியா பார்சர் (கோடைப் பிரிச்சு வாசிக்கிற ப்ரோக்ராம்) எழுத வேண்டியதில்ல. நல்லா வேலை செய்யிற ப்ரோக்ராம் கெடைச்சா ஓடிக்கிட்டு இருக்கிறப்பயே கம்பைல்னு ஒரு வார்த்தை, அசல் மெஷின் கோடா மாறிரும், தேவையில்லாமப் போனா அந்தக் கோடையும் குப்பையோட கூட்டி அள்ளிரும், ஜூலியாவுல பட்ட ராம் கஷ்டம் இங்க இல்ல.

இங்கயும் ஒரு பாடம் படிச்சேன். மொதல்ல எல்லா ப்ரோக்ராமையும் கம்பைல் பண்ணித் தள்ளுனேன், தேடல் தவழ ஆரம்பிச்சுருச்சு, எஸ்பிசிஎல்லும் ஒரு குட்டி ஃபங்க்ஷனுக்கு மில்லிசெகண்ட் கணக்குல எடுத்துக்கும், ஒரு கோடி தடவைன்னா கணக்குப் போட்டுக்கங்க. அப்புறம் ப்ரோக்ராம் மரத்தோட ஒவ்வொரு கணுவையும் ஏற்கனவே கம்பைல் ஆகி இருக்கிற க்ளோஷரா (தேவையான மதிப்பைக் கூடவே வச்சிருக்கிற ஃபங்க்ஷன்) மாத்திக் கோர்த்துக்கிட்டேன், பூக்காரம்மா கட்டி வச்ச சரத்தை எடுத்து எடுத்து முடிச்சுப் போட்டு மாலை ஆக்குற மாதிரி. கோர்க்குறதுக்கு ஆகுற செலவு ரொம்பக் கம்மி, ஓடுற வேகம் முழுக் கம்பைலை விடக் கொஞ்சம் கம்மி. எல்லா உதாரணத்துக்கும் ஒத்துவந்து தப்பிச்சு நிக்கிற ப்ரோக்ராமை மட்டும் முழுசா கம்பைல் பண்றேன். இந்த ரெண்டையும் ஒரே மொழிக்குள்ள, எதையும் வெளிய இருந்து கொண்டுவராம செய்ய முடியறது எனக்குத் தெரிஞ்சு இங்கதான் சுளுவா இருக்கு.

கம்பைலர் பேசுற விதம் இன்னொரு காரணம். வேகம் வேணும்னு சொல்லிட்டா, எந்த வரியில டைப் தெரியாததால வேகமாக்க முடியல, எங்க ஃப்ளோட்டை (தசம எண்) மெமரியில தனிப் பெட்டியில போட்டுத் தூக்க வேண்டியிருக்குன்னு ஒவ்வொண்ணா குறிப்பு எழுதிக் காட்டும். டைப் எழுதுனா குறிப்பு கொறையும், டிஸ்அசெம்பிள்னு போட்டா மெஷின் கோடையே கண்ணு முன்னாடி விரிச்சு வைக்கும். ஒரு வாரம் அந்தக் குறிப்புகளைத் தீர்த்துக்கிட்டே வந்ததுல என் உள் லூப் சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதுனதுக்குப் பக்கத்துல வந்துருச்சு. முந்தல, பக்கத்துல வந்துச்சு. பத்திரச் சோதனையை நிறுத்துற சேஃப்டி சைபர்னு போட்டு முந்தப் பார்க்கலாம், அப்புறம் அரேக்கு வெளிய எழுதிட்டா சொல்ல ஆள் இருக்காது, மெமரி கெட்டு எங்கயோ போய் விழும். அதைத் தேவையில்லாமத் தொடாதீங்க.

போன மார்கழியில நடந்ததைச் சொன்னாத்தான் இந்த மொழியோட அருமை புரியும். அம்மா போட்ட ஒரு சிக்குக் கோலத்தைக் குடுத்து ரெண்டு நாளா தேடல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கெடைச்ச ப்ரோக்ராம் எல்லாம் நீள நீளமா, ஒவ்வொரு வளைவையும் தனித்தனியா சொல்லிக்கிட்டு. அம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தவங்க ஸ்க்ரீன்ல ஒவ்வொரு வளைவா வர்றதைப் பார்த்துட்டு, "ஏண்டி, கால்வாசி போட்டாப் போதாதா, அதையே மூணு தடவ திருப்பி வச்சா முடிஞ்சுச்சு, எதுக்கு இம்புட்டு வளைச்சு வளைச்சுப் போடுது?" அப்டின்னாங்க. நான் தேடலை நிறுத்தல. ஓடிக்கிட்டு இருக்கிற லிஸ்ப்புக்குள்ளயே 'கால் பாகத்தைச் சுத்தி ஒட்டு'ன்னு ஒரு புதுச் செயலை எழுதி ஏத்துனேன், அடுத்த சுத்துல இருந்தே தேடல் அதை எடுத்துக்கிச்சு, ரெண்டு நாள் சேர்த்து வச்ச டேபிள் எதுவும் போகல. அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சு மேல வந்தப்ப முன்னதுல கால்வாசி நீளம் கூட இல்லாத ஒரு ப்ரோக்ராம் உக்காந்திருந்துச்சு. நடுவுல ஒருக்கா நான் எழுதுனதுல தப்பு இருந்து பிழை வந்துச்சு, அப்பவும் செத்து விழல, டீபக்கர் (தப்பைப் பார்த்துச் சரி பண்ற கருவி) தொறந்து "என்ன செய்ய"ன்னு கேட்டுக்கிட்டு அப்டியே நின்னுச்சு, ஃபங்க்ஷனைச் சரி பண்ணி ரீஸ்டார்ட் குடுத்ததும் விட்ட எடத்துல இருந்தே போயிருச்சு. இதை வேற எந்த மொழியிலயும் இவ்ளோ இயல்பா நான் பார்க்கல.

மாசம் ஒரு நாள் பராமரிப்புக்குன்னு காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் கரண்ட்டை நிறுத்துவாங்கள்ல, அதுக்கும் எஸ்பிசிஎல்ல வழி இருக்கு. சேவ் லிஸ்ப் அண்ட் டைனு ஒரு ஃபங்க்ஷன், மெமரியில இருக்கிற மொத்தத்தையும் ஒரே கோர் ஃபைலா டிஸ்க்ல எழுதிட்டு முடிஞ்சுக்கும். கரண்ட் வந்ததும் அந்த ஃபைலைத் தொறந்தா வரிசையில நின்ன அத்தனை ப்ரோக்ராமும், டேபிளும் அப்டியே இருக்கும். ஆனா சேமிக்கிறப்ப வேற த்ரெட் எதுவும் ஓடக்கூடாது, எல்லா த்ரெட்டையும் ஒழுங்கா நிறுத்துற மாதிரி முன்கூட்டியே எழுதி வச்சுக்கணும். அப்புறம் சேமிச்ச அதே பில்ட் எஸ்பிசிஎல்தான் அந்தக் கோரைத் தொறக்கும், நடுவுல அப்டேட் பண்ணிட்டா தொறக்காது, பழைய பைனரியைக் கோர் ஃபைல் பக்கத்துலயே வச்சுருங்க.

குறையும் நெறைய. மெமரி அளவை ஆரம்பிக்கிறப்பயே சொல்லணும், சொன்ன அளவு தீர்ந்துருச்சுன்னா கீழ்மட்ட டீபக்கர்ல போய் விழுந்துரும், அங்கிருந்து மீட்டுக் கொண்டுவர்றது பெரும்பாடு. கார்பேஜ் கலெக்டர் உயிரோட இருக்கிறதை வேற எடத்துக்கு நகத்தித்தான் கூட்டும், அதனால கையில 32 ஜிபி இருந்தா அதுல பாதிக்குப் பக்கமாத்தான் தேடல் டேபிளுக்கு நம்பலாம். கூட்டுற நேரத்துல எல்லா த்ரெட்டும் நிக்கும். ஸ்ட்ரக்ட்டோட வடிவத்தை ஓடுறப்ப மாத்துனா எரிச்சல் பண்ணும், மாத்துவோம்னு தெரிஞ்சா க்ளாஸா வைங்க, அது பழைய பொருளைக் கூட புது வடிவத்துக்கு மாத்திக்கும். லைப்ரரி கம்மி, லைப்ரரி இறக்கித் தர்ற க்விக்லிஸ்ப் இருக்கு, ஆனா பைத்தான் கடல்னா இது தெப்பக்குளம். ஜிபியூக்கு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. மதுரையில பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க ஆளும் இல்ல, நானா தட்டுத்தடுமாறித்தான் படிச்சேன், அதனாலதான் சனிக்கிழமை கதவைத் தொறந்து வைக்கிறேன். மொத்தத்துல 5க்கு நாலரை.

மத்ததைச் சுருக்கமாச் சொல்லிர்றேன். ரஸ்ட் 2015ல 1.0 வந்தது, கம்பைல் ஆயிருச்சுன்னா நிம்மதியா தூங்கலாம், த்ரெட் பிரிக்கிறதுல பயமே இல்ல. ஆனா ஒண்ணையொண்ணு சுட்டிக்கிட்டு இருக்கிற வலை மாதிரி டேட்டாவை பாரோ செக்கர் (மெமரியை யாரு எப்பத் தொடலாம்னு பார்க்கிற ரஸ்ட்டோட சோதனை) ஒத்துக்க வைக்கிறது பாடு, எல்லாத்தையும் ஒரு பெரிய வெக்டர்ல போட்டு எண்ணை வச்சு எடுத்துக்கணும். என்ன கட்டப்போறோம்னு தெரிஞ்சப்புறம் எழுத ரொம்ப நல்ல மொழி, தெரியறதுக்கு முன்னாடி அது கேக்குற கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. ப்ரோலாக் 1972ல மார்செய்ல கோல்மராவர் குழு பண்ணது, ஜப்பான் 1982ல ஆரம்பிச்ச ஐந்தாம் தலைமுறைத் திட்டமே தர்க்க மொழியை நம்பித்தான் போச்சு. விதியைச் சொன்னா விடையை அதுவே தேடும், ஆனா எந்த வரிசையில தேடணும்னு நாம முடிவு பண்ணணும்னு வந்துட்டா அதோட சண்டை போட வேண்டியிருக்கு. ஆளுக்கு ஒரு மாசமாச்சும் எஸ்டபிள்யுஐ ப்ரோலாக்ல எழுதிப் பாருங்க, யோசிக்கிற விதமே மாறும். மோஜோ 2023ல வெளிய வந்தது, எல்எல்விஎம் உருவாக்குன க்ரிஸ் லாட்னர் பண்றது, பைத்தான் மாதிரி எழுதி எம்எல்ஐஆர்ங்கிற கம்பைலர் கருவி வழியா மெஷின் கோடுக்கு இறங்குறது, நல்ல யோசனை, நான் இன்னும் நாள் கணக்குல ஓட்டல, அதனால மதிப்பெண் போடல.

நரம்பு வலைப் பக்கம் பைத்தானை விட்டா வேற போக்கிடம் இல்ல, அதை மனசார ஒத்துக்குறேன். ஆனா அங்க நாம ஓட்டுறது பைத்தானை இல்ல, அதுக்குக் கீழ இருக்கிற கம்பைலரைன்னு புரிஞ்சுக்கணும். ஜாக்ஸ்ங்கிற லைப்ரரியை எடுத்தா நம்ம ஃபங்க்ஷனை ஒரு தடவை தடம் புடிச்சு எக்ஸ்எல்ஏ கம்பைலர்ட்ட குடுக்கும், கணக்கை அப்டியே எழுதுற அழகு ஜாக்ஸ்லதான். ஆனா அரேயோட அளவு மாறுனா மறுபடி கம்பைல் பண்ணும், ஆர்க்ல ஒவ்வொரு கட்டமும் ஒரு அளவு, மொத நாள் கம்பைல் பண்ணிக்கிட்டே இருந்துச்சு, எல்லாத்தையும் 30க்கு 30ன்னு நிரப்பி, நிரப்புன எடத்தைக் கணக்குல எடுக்காம இருக்க முகமூடி போட்டப்புறம்தான் ஓடுச்சு. இன்னொரு நரம்பு வலை லைப்ரரியான பைடார்ச்சோட 2.0 2023 மார்ச்ல வந்தப்ப டார்ச் கம்பைல் கொண்டுவந்தாங்க, ஜிபியூன்னா ட்ரைட்டன் (ஜிபியூக்கான மொழி) கோடா, சிபியூன்னா சி ப்ளஸ் ப்ளஸ் கோடா மாத்தும், புரியாத பைத்தான் வந்தா அந்த எடத்துல உடைச்சுக்கிட்டு சாதாரணமா ஓடும், நின்னுறாது. அரைகுறை யோசனைகளை ஓட்டிப் பார்க்க அந்த தாராளம் எனக்குப் பிடிச்சதால பைடார்ச்சையே வச்சுக்கிட்டேன்.

இப்ப என் அமைப்பு இதுதான், தேடலும் ப்ரோக்ராம் வெட்டி ஒட்டுறதும் எஸ்பிசிஎல், எந்தச் செயலை மொதல்ல முயற்சி பண்ணலாம்னு யூகிக்கிற குட்டி நரம்பு வலை பைடார்ச், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாக்கெட் (ரெண்டு ப்ரோக்ராம் பேசிக்கிற வழி). ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் கேட்டா சாக்கெட்டே நேரத்தைத் தின்னுரும், புதிருக்கு ஒரு தடவை கேட்டு வாங்கிக்கிறேன். 2021ல வந்த ட்ரீம்கோடர்ங்கிற ப்ரோக்ராம் தேடல் ஆராய்ச்சியிலயும் தேடல் பகுதியை ஓகேமல் மொழியிலயும் வலைப் பகுதியைப் பைத்தான்லயும் பிரிச்சு வச்சிருந்தாங்க, அதைப் பார்த்தப்புறம்தான் ஒரே மொழியில எல்லாம் பண்ணணுங்கிற பிடிவாதம் எனக்கு விட்டுச்சு.

சனிக்கிழமை கூட்டத்துல யாரு எதை எடுத்தாங்கன்னு சொல்லிர்றேன், அதுல உங்க வேலை எது மாதிரின்னு பார்த்துக்கங்க. பேச்சுத் தமிழை எழுத்தா மாத்துறதுல வேலை செய்யிற பொண்ணு பைத்தானும் பைடார்ச்சும்தான், வேற எதையும் தொடாதன்னு நானே சொன்னேன். மூளை செல்லோட சமன்பாடுகளை ஓட்டிப் பார்க்கிற பையன் ஜூலியா, ரெண்டே வாரத்துல என்னைய விட நல்லா எழுதுறான். வடபழஞ்சித் தம்பி சின்ன மெஷின்ல பெரிய மாடலை ஓட்டணும்னு நிக்கிறான், அவனுக்கு சி ப்ளஸ் ப்ளஸ், சானிடைசர் பில்ட் இல்லாம கோடு காட்ட வரக்கூடாதுன்னு சொல்லிருக்கேன். செகண்ட் இயர் படிக்கிற ஒருத்தன் மட்டும் எங்கூட லிஸ்ப் எழுதுறான், போன வாரம் அவன் சேர்த்த ஒரு செயல், ரெண்டு வடிவத்துக்கு நடுவுல கோடு இழுக்கிறது, அதால நாலு மாசமா விழாம நின்ன ஒரு புதிர் விழுந்துச்சு.